வாடகைக்கு உதவி: விருப்புரிமையும் விதிமுறையும்

பெங்களூரு மாநகரில் வீடு தேடும் ஒரு தொழிலாளர் குடும்பம் முதலில் கேட்டறிவது மாத வாடகையை அன்று, முன்பணத்தையே. பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது அந்நகரின் நெடுங்கால வழக்கம். மாதம் 8,000 ரூபாய் வாடகையில் ஒரு சிறு குடியிருப்பு கிடைப்பதாகக் கொண்டால், அதனுள் நுழைவதற்கே 80,000 ரூபாய் தேவைப்படுகிறது. இத்தொகை வட்டியின்றி உரிமையாளரிடம் தங்கியிருக்கும். காலி செய்யும்போது, சுவருக்கு வண்ணம் பூசும் செலவென்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டே பெரும்பாலும் திருப்பித் தரப்படும். பழைய வீட்டின் முன்பணம் கைக்கு வருமுன் புதிய வீட்டின் முன்பணத்தைக் கட்டியாக வேண்டியிருப்பதால், இடம் மாறும் ஒவ்வொரு முறையும் குடும்பம் கடனில் இறங்குகிறது. ஒரே தவணையில் பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருக்கும் போக்கிய முறையும் அங்கு உண்டு. கையில் சேமிப்பு உள்ளோர்க்கே அது பயன்படும்.

இத்தகைய குடும்பத்தில் வருவாய் ஈட்டுபவர் நோயுற்றாலோ, தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தாலோ, இரண்டு மூன்று மாத வாடகை நிலுவையாகிவிடும். அந்நிலையில் அக்குடும்பம் எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில், எந்த அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம்? வீட்டு வசதித் துறையைப் பற்றிப் பயில்வோரும் அத்துறையில் பணியாற்றுவோரும் ஆராயவேண்டிய கேள்வி இது.

சட்டம் இவ்வகையில் தரும் துணை சிறிதே. 1961-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாகக் கர்நாடகம் கொண்டுவந்த 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2001 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பெங்களூரு போன்ற பெருநகர்ப் பகுதிகளில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்கள் அதன் வரம்புக்குள் வாரா. அத்தொகைக்கு இன்று அந்நகரில் என்ன கிடைக்கும் என்பதை விளக்கவேண்டுவதில்லை. மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்கு மிகாமல் வரையறுத்தது. ஆயினும் மாதிரிச் சட்டம் மாநிலங்கள் ஏற்றாலன்றி எவரையும் கட்டுப்படுத்தாது. மேலும், முன்பணத்தை வரையறுப்பது வேறு. வாடகை கட்ட இயலாதவருக்கு உதவுவது வேறு.

வாடகை உதவி பெறுவோர்

நம் நாட்டில் வாடகைக்கு அரசு உதவுவதே இல்லை என்று எண்ணுதல் தவறாகும். உதவுகிறது, எவருக்கு என்பதே கருதத்தக்கது. மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, பெங்களூரு அடங்கிய முதல் வகை நகரங்களில் 2017 ஜூலை முதல் அடிப்படை ஊதியத்தில் 24 விழுக்காடாக அது வழங்கப்பட்டது. அகவிலைப்படி 25 விழுக்காட்டைக் கடந்தபோது 27 ஆகவும், 50 விழுக்காட்டை எட்டியபோது, அதாவது 2024 ஜனவரி முதல், 30 ஆகவும் அது உயர்ந்தது. இதற்கு வாடகை ரசீது கேட்கப்படுவதில்லை. ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப்பின் 1997-இல் பிறந்த ஆணைப்படி, வாடகைக்காக ஓரளவேனும் செலவு செய்வதாக ஊழியர் தாமே எழுதித்தரும் சான்று போதும். இச்செய்தியைப் படிப்பவர் நினைவில் இருத்திக்கொள்வது நலம். பின்னர் இது தேவைப்படும்.

தனியார் நிறுவன ஊழியர்க்கு வருமான வரிச் சலுகை வழியாக உதவி கிடைக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், வாடகைப்படி பெறாதோருக்கும் மாதம் 5,000 ரூபாய் வரையிலான கழிவை 80ஜிஜி என்னும் பிரிவில் அளித்தது. வருமான வரி கட்டும் அளவுக்கு வருவாய் உள்ளவர்க்கே இச்சலுகை பொருளுடையது. வரி வரம்பைத் தொடாதவர்க்கு இது எட்டாது. எனவே வாடகையால் மிகுதியாக நெருக்கப்படுவோரே இவ்வுதவியின் வட்டத்திற்கு வெளியே நிற்கின்றனர்.

ஏழை எளியோரை நோக்கிய ஒரு திட்டமும் கர்நாடகத்தில் உண்டு. அது மாணவர்களுக்கானது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் வித்யாசிரி திட்டத்தில், விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்க்கு உணவுக்கும் தங்குமிடத்திற்குமாக மாதம் 1,500 ரூபாய், கல்வியாண்டில் பத்து மாதங்களுக்கு, வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை வகுக்கப்பட்டது. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பில் இருத்தல், குடும்ப வருமான வரம்புக்கு உட்படுதல், சாதி வருமானச் சான்றுகள், கணினி வழி விண்ணப்பம் ஆகியவை இதன் நிபந்தனைகள். மகாராஷ்டிரத்தில் அம்பேத்கர் பெயரால் அமைந்த சுவாதார் திட்டமும், ராஜஸ்தானில் அவர் பெயராலேயே அமைந்த உறுதிச்சீட்டுத் திட்டமும் இதே நோக்கின. விடுதி கட்ட நிலமும் காலமும் வேண்டும். மாணவரோ இந்த ஆண்டே சேர்ந்துவிட்டார். ஆகவே கட்டடத்திற்குப் பதில் பணம் என்னும் எளிய தருக்கமே இத்திட்டங்களுக்கு அடிப்படை. அம்மாணவரின் தந்தை கட்டடத் தொழிலாளியாக அதே நகரில் வாடகைக்குக் குடியிருந்தால், இதே தருக்கம் அவருக்கு ஏன் நீட்டப்படவில்லை என்று கேட்க இடமுண்டு.

இதற்கு விடை வீட்டு வசதிக் கொள்கையின் போக்கில் உள்ளது. இந்திய நகரங்களில் 1961-இல் 54 விழுக்காட்டுக் குடும்பங்கள் வாடகை வீடுகளில் இருந்தன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது 27.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2012-இல் மத்திய தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.878 கோடி என மதிப்பிட்டு, அதில் ஏறத்தாழ 96 விழுக்காடு நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாய்ப் பிரிவினரையும் சார்ந்தது என்றது. ஒருபுறம் பூட்டிய வீடுகள், மறுபுறம் வீடற்றோர் என்னும் இந்நிலைக்கு வாடகைச் சந்தையின் கோளாறு ஒரு முக்கியக் காரணம். எனினும் 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் நான்கு பிரிவுகளும் சொந்த வீட்டையே நோக்கின. அதே ஆண்டில் வெளியான தேசிய நகர்ப்புற வாடகை வீட்டுக் கொள்கையின் வரைவு, ஏழைகளுக்கு வாடகை உறுதிச்சீட்டு வழங்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில், புலம்பெயர் தொழிலாளர்க்கான வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டம் வந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத் திட்டத்தில் வாடகை வீட்டுக்கெனத் தனிப்பிரிவே அமைந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை வீடு கட்டுவோர்க்கு உதவுவன. ஏற்கெனவே ஒரு வீட்டில் குடியிருந்து இம்மாத வாடகைக்குத் தவிப்பவரின் கைக்கு இவற்றால் ஒன்றும் வாராது.

பிரிட்டன் கண்ட முறை

வாடகை நெருக்கடிக்கென்றே தனி விண்ணப்ப முறையை வகுத்த நாடு பிரிட்டன். அங்கு வருவாய் குறைந்தோர்க்கு வாடகையின் ஒரு பகுதியை அரசு ஏற்பது சட்டப்படியான உரிமை. அவ்வுரிமைத் தொகைக்கும் உண்மை வாடகைக்கும் இடையே துண்டு விழும்போது, உள்ளாட்சி மன்றம் தன் விருப்புரிமையின்பேரில் கூடுதல் தொகை தரலாம் என 2001-ஆம் ஆண்டு விதிகள் வகை செய்தன. இதில் ‘தரலாம்’ என்னும் சொல்லே உயிர்நாடி. ‘தரவேண்டும்’ என்று விதி கூறவில்லை.

விண்ணப்பதாரர் முதலில் அடிப்படை வாடகை உதவி பெறுபவராக இருக்கவேண்டும். வரவு செலவுக் கணக்கைக் காட்டி, மேலும் உதவி ஏன் தேவை என விளக்கவேண்டும். துண்டு விழும் வாடகைக்கு மட்டுமன்றி, வேறு வீட்டுக்குக் குடிபெயர வேண்டிய முன்பணத்திற்கும் உதவி கேட்கலாம். மன்றம் தன் முடிவைக் காரணங்களுடன் எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டது. தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு இல்லை. மறு ஆய்வு கோரலாம், அதன்பின் உயர்நீதிமன்றத்தை அணுகலாம். மத்திய அரசு தரும் நிதியில் எஞ்சியதைத் திருப்பவேண்டும். இங்கிலாந்தில் அந்நிதியைப் போல் இரண்டரை மடங்கு வரையே மன்றம் செலவிட முடிந்தது. ஆகையால் ஆண்டின் தொடக்கத்தில் விண்ணப்பித்தவருக்கும் இறுதியில் விண்ணப்பித்தவருக்கும் ஒரே தகுதி இருந்தும் வெவ்வேறு விடை கிடைக்கக்கூடும்.

இம்முறை நன்கு பயன்பட்டதா என்பது ஆராயத்தக்கது. 2013 ஏப்ரலில், அரசு வீடுகளில் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால் வாடகை உதவியில் 14 விழுக்காடும், இரண்டு இருந்தால் 25 விழுக்காடும் குறைக்கப்பட்டன. தனியார் வீடுகளுக்கான உதவி விகிதம் 2016 முதல் நான்காண்டுகள் உயர்த்தப்படாமல் நின்றது. இவற்றால் துண்டு விழுந்தோர் அனைவரையும் விருப்புரிமை நிதியை நோக்கி அரசு கைகாட்டியது. சிறப்பான துன்பத்திற்கென வைத்த நிதி, விதியே உண்டாக்கிய ஓட்டையை அடைக்கும் சாந்தாக மாறியது. சாண்ட்வெல் என்னும் நகரின் மன்றம், மாற்றுத்திறனாளி ஒருவர் தம் பராமரிப்புக்கெனப் பெற்ற படித்தொகையை வருவாயாகக் கணக்கிட்டு உதவியைக் குறைத்தபோது, அது பாகுபாடாகும் என்று 2015-இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. விருப்புரிமை என்பது அதிகாரியின் மனம்போன போக்கு அன்று என்பதை இத்தீர்ப்பு நிலைநாட்டியது. பின்னர் 2025-இல் பிரிட்டிஷ் அரசு, இங்கிலாந்தில் இந்நிதியை 2026 ஏப்ரல் முதல் ஒரு பொதுவான நெருக்கடி நிவாரண நிதியுடன் இணைப்பதாக அறிவித்தது.

நம் நாட்டு அனுபவம்

நம் நாட்டில் விருப்புரிமை உதவியின் வடிவம் மனு. கர்நாடக முதலமைச்சர்கள் நடத்தும் ஜனதா தரிசனத்திலும், தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர்களின் குறைதீர்க்கும் நாளிலும் மக்கள் மனுவுடன் நிற்கின்றனர். மனு கனிவை வேண்டுகிறது. விண்ணப்பமோ தகுதியை நிறுவுகிறது. மனுவுக்குத் தகுதி வரையறை இல்லை, காலவரம்பு இல்லை, மறுத்தால் காரணம் கேட்கவும் வழியில்லை.

இவ்வேறுபாடு 2020-இல் கூர்மையாக வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 29 அன்று, தொழிலாளரிடம் ஒரு மாத வாடகையைக் கேட்கலாகாது என மத்திய உள்துறை ஆணையிட்டது. அதே நாளில் தில்லி முதலமைச்சர், வறுமையால் வாடகை கட்ட இயலாதவருக்கு அரசே கட்டும் எனச் செய்தியாளர் கூட்டத்தில் கூறினார். கூற்று இருந்தது, திட்டமோ படிவமோ வரவில்லை. கூலித் தொழிலாளர் சிலரும் வாடகை வராத வீட்டு உரிமையாளர் ஒருவரும் நீதிமன்றம் சென்றனர். முதலமைச்சர் மக்களுக்கு அளித்த உறுதிமொழி செயல்படுத்தத்தக்கதே என்றும், ஆறு வாரங்களில் அரசு முடிவெடுக்க வேண்டும் என்றும் தில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021 ஜூலை 22 அன்று தீர்ப்பளித்தார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு இத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. வாடகைக்கான உதவியை ‘வேண்டுகோள்’ என்பதா, ‘கோரிக்கை’ என்பதா என்னும் வினா இவ்வளவு தெளிவாக வேறெங்கும் எழுந்ததில்லை எனலாம்.

தமிழ்நாட்டில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், பழுதுற்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, குடும்பங்கள் வெளியில் வாடகைக்குத் தங்குவதற்காக ஒரு தொகை தருகிறது. 8,000 ரூபாயாக இருந்த இது 2021-இல் 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதன் பெயர் ‘கருணைத் தொகை’. அனைவருக்கும் ஒரே அளவாக, ஆணையின்படி வழங்கப்படும் ஒன்றைக் கருணை என்று அழைப்பது பழைய நிருவாக மரபின் எச்சம்.

சான்று என்னும் தடை

ஒரு திட்டத்தை வகுத்துவிட்டால் மட்டும் உதவி சென்றடைந்துவிடாது. பெருந்தொற்றின்போது அமெரிக்கா 2020 டிசம்பரிலும் 2021 மார்ச்சிலும் ஏறத்தாழ 4,650 கோடி டாலரை வாடகை நிலுவை உதவிக்கென ஒதுக்கியது. 2021 ஜூலை இறுதி வரை செலவானது சுமார் 510 கோடி டாலர். பணம் இருந்தது, தேவையும் இருந்தது. வாடகை ஒப்பந்தம், வருவாய்ச் சான்று, உரிமையாளரின் ஒத்துழைப்பு ஆகியவற்றைத் திரட்ட முடியாமல் விண்ணப்பங்கள் தேங்கின. ஆவணம் இல்லாதவர் தாமே எழுதித்தரும் உறுதிமொழியை ஏற்கலாம் என அந்நாட்டுக் கருவூலத்துறை தெளிவாக அறிவுறுத்த நேர்ந்தது.

பெங்களூருவில் இத்தடை இன்னும் பெரிது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதால், பதினொரு மாத ஒப்பந்தமே எங்கும் வழக்கமாகிவிட்டது. அதுவும் நடுத்தர வகுப்பினரிடையேதான். கன்னடத்தில் ‘வடார’ எனப்படும் ஒண்டுக்குடித்தன வரிசை வீடுகளிலும், தகரக் கூரை வீடுகளிலும் ஒப்பந்தம் வாய்ச்சொல்லே. வாடகை ரொக்கமாகவே கைமாறுகிறது. வருவாய் கணக்கில் வரும் என்றஞ்சும் உரிமையாளர் ரசீது தர விரும்பார். வற்புறுத்தும் குடியினர் வீட்டை இழக்க நேரும். 2013 ஜனவரியில் எஜிபுராவில் நலிந்த பிரிவினர் குடியிருப்பு அகற்றப்பட்டபோது, முதலில் ஒதுக்கீடு பெற்றவர் யார், அவரிடம் வாடகைக்கு வந்தவர் யார் என்னும் பாகுபாடே மறுவாழ்வுத் தகுதியைத் தீர்மானிக்கும் சிக்கலாயிற்று. வாடகைக் குடியினர் ஆண்டுக்கணக்கில் அங்கு வாழ்ந்தும் அரசின் ஏட்டில் இல்லாதவராயினர்.

இத்தடை நீக்க முடியாததா? அன்று என்பதற்குக் கர்நாடகமே சான்று தருகிறது. மாதம் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்கும் கிருகஜோதி திட்டத்திற்கு 2023 ஜூன் 18 முதல் சேவா சிந்து தளத்தில் பதிவு தொடங்கியது. வாடகைக்குக் குடியிருப்போரும் இதில் சேர்க்கப்பட்டனர். வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்று தொடக்கத்தில் பேசப்பட்டாலும், விரைவில் ஆதார் எண்ணும் மின் இணைப்பின் கணக்கு எண்ணும் போதுமென நடைமுறை எளிதாக்கப்பட்டது. மீட்டர் ஓடுகிறது, அவ்வீட்டில் வாழ்பவர் இவர் என்பதே சான்றாயிற்று. வீடு மாறுவோர் பழைய இணைப்பிலிருந்து தம் ஆதாரை விடுவித்துப் புதியதுடன் சேர்த்துக்கொள்ளும் வசதி 2024-இல் ஏற்படுத்தப்பட்டது. மாநில அரசு மனம்வைத்த அளவில், உரிமையாளரின் கையொப்பமின்றியே வாடகைக் குடியினரை அடையாளம் காண முடிந்தது. வாடகைப்படி பெறும் மத்திய அரசு ஊழியரிடம் 1997 முதல் கேட்கப்பட்டதும் அவரது சொந்தச் சான்று மட்டுமே. ஊழியரின் சொல்லை ஏற்கும் அரசு, கட்டடத் தொழிலாளியின் சொல்லை ஐயுறுவதற்குத் தருக்க முறையில் காரணம் காண்பது அரிது.

பொருளியலார் எழுப்பும் ஒரு மறுப்பையும் இங்கே கருதவேண்டும். வீடுகளின் அளிப்பு விரைவில் பெருகாத நகரில், மாதந்தோறும் வாடகை உதவி வழங்கினால் உரிமையாளர் வாடகையை உயர்த்தி அதைத் தம்வயப்படுத்திக்கொள்வர் என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆனால் ஒருமுறை மட்டும் தரப்படும் நெருக்கடி உதவியை எதிர்பார்த்து எவரும் வாடகையை நிர்ணயிப்பதில்லை. முன்பணத்திற்கான உதவியோ, கடனாக அளித்தால், காலி செய்யும்போது திரும்பிவரும் தன்மையது. ஒரே தொகை பல குடும்பங்களுக்குச் சுழன்று பயன்படும். ஆகவே, பிரிட்டனின் முறையிலிருந்து பெங்களூரு எடுத்துக்கொள்ளத்தக்கது மாதாந்திரத் துண்டை நிரப்பும் பகுதியன்று. முன்பணத்திற்கும் நிலுவைக்கும் உதவும் பகுதியே.

அத்தகைய நிதி ஒன்று அமையுமாயின், நோய், வேலையிழப்பு, குடும்பத் தலைவரின் மரணம், இடிப்பு நடவடிக்கை எனத் தகுதிக்குரிய காரணங்களை முன்கூட்டியே வெளியிடவேண்டும். மாதந்தோறும் எவ்வளவு நிதி எஞ்சியுள்ளது என்பதும், மறுக்கப்பட்ட விண்ணப்பங்களுக்குரிய காரணமும் பலகையில் இடம்பெறவேண்டும். குடியிருப்புச் சான்றாக மின் கணக்கு எண்ணையும் விண்ணப்பதாரரின் சொந்த உறுதிமொழியையும் ஏற்கவேண்டும். முன்பணத்தைக் குடியினர் கையில் தராமல் உரிமையாளரின் கணக்கில் நேரே செலுத்தி, திரும்பும்போது நிதிக்கே திரும்புமாறு ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். இந்த ஒப்பந்தமே அக்குடும்பத்தின் முதல் வாடகை ஆவணமாகவும் அமைந்துவிடும். ஒரே மீட்டரில் ஆறு ஏழு குடும்பங்கள் வாழும் வடாரங்களில் மட்டும் மின் கணக்கு எண் உதவாது. அங்கு வார்டு அலுவலகத்தின் ஊழியர் நேரில் சென்று, குடும்பம் குடும்பமாகப் பெயரெழுதி வருவதைத் தவிர வேறு வழியில்லை.